இயலும் இசையும் ஒருங்கு பயிலல்

(நமது சங்கத்தின் தேவிகாபுரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் கல்விநிதியைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். நிதியைப்பற்றிப் பேசத்தக்கவர் கணக்கறிந்தோர். யானோ தமிழ் கற்பிப்பவன். ஆதலின் முதலிற் கல்வியைப்பற்றிப் பேசி, அதன் வாயிலாக நிதிக்கு வந்து சேர்வேன். அடுத்த பொதுக்கூட்டத்திற் கொணரப்படவிருக்கும் தீர்மானத்தின் படி உங்களிற் பலர் கையில் இருக்கின்றது. இனி உதவித்தொகை பொறியியல், மருத்துவம், கணினி ஆகிய தொழிற்கல்விகட்கு மட்டும் வழங்கப்படும் என்பது அதன் மூன்றாம் பிரிவு. அப்பிரிவிலுள்ள ‘மட்டும்’ என்னும் ஒரு சொல்லைக் குறித்தே யான் இன்று பேச எழுந்தேன்.

தொழிற்கல்வியை வேண்டாவென்பவன் அல்லேன். தறியொன்றையே நம்பியிருந்த வீட்டில் ஒரு பிள்ளை பொறியியல் கற்றுத் தேறினால் அக்குடும்பம் நிமிர்வதை இவ்வூரில் யாவரும் கண்டுள்ளோம். அதற்கு நிதி உதவட்டும். ஆனால் ஏனைக் கல்வி யாவும் வீண் என்று ஒரு சங்கம் எழுத்தில் எழுதி வைக்குமுன், அக்கல்வி யாது, அது எவ்வாறு கெட்டது, எவ்வாறு நடத்தினால் நலம் பயக்கும் என்பவற்றை ஆராய்தல் வேண்டும்.

இற்றைநாட் பள்ளியிற் செய்யுள் கற்பிக்கப்படும் முறையை முதலிற் காண்போம். ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனிடம் ஒரு குறளைத் தந்து, அலகிட்டு வாய்பாடு கூறுக என்றால், நேர், நிரை எனப் பிரித்து, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நிரப்பி, ஈற்றில் நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றை இட்டு, முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவான். வெண்பாவிற்குரிய ஓசை யாதெனின், ‘செப்பலோசை’ என்று தயங்காது விடை கூறுவான். அவ்வோசையை ஒருமுறை சொல்லிக்காட்டு என்றாலோ வகுப்பு முழுதும் வாய்மூடி நிற்கும்! ஓசையின் பெயரை அறிவர், ஓசையை அறியார். குற்றம் பிள்ளைகளுடையது அன்று. நாற்பது நிமிடப் பாடவேளையில், பாடத்திட்டம் முடிக்கும் விரைவில், செய்யுளை வாய்விட்டுப் பாடிக்காட்டும் உபாத்தியாயர் மிகச் சிலர். பலர் அதனைக் கண்ணாற் படித்து, உரைநடையாக மாற்றி, வினாவிடையாக எழுதுவித்து விடுகின்றனர்.

நம் வீட்டுப் பிள்ளைகட்குச் செவியில்லை என்று எவரும் கூறவியலாது. குழித்தறியில் அமர்ந்து நெய்யும் தந்தை, பக்கத்துத் தறியின் ஒலி பிறழ்ந்த அளவிலே, திரும்பிப் பாராமலே, இழை அறுந்தது என்பார். மிதியும் நாடாவும் பலகையும் மாறி மாறி எழுப்பும் ஒலியிடையே பிறந்து, தார் சுற்றி வளர்ந்த சிறுவனுக்குத் தளை தட்டுவது தெரியாதா? யான் ஒருமுறை ஒரு வெண்பாவைக் கையால் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்து, வேண்டுமென்றே ஒரு சீரை மாற்றி வைத்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒருவன், “ஐயா, அவ்விடத்தில் இடிக்கிறது” என்றான். அலகிடும் வினாவில் அவன் அதுகாறும் ஒரு மதிப்பெண்ணும் பெற்றறியாதவன். அவனுக்கு இலக்கணம் செவியில் இருந்தது. நாம் அதனைத் தாளிலே தேடிக்கொண்டிருந்தோம்.

நம் மரபின் பெருமை பேசுமிடத்து ஒட்டக்கூத்தரைக் கூறாத மேடை இல்லை. மூவருலாப் பாடினார், சோழர் மூவர்க்கு அவைக்களப் புலவராக இருந்தார் என்று கூறி மகிழ்கின்றோம், மகிழ்வது முறையே. எனினும் அவர் இயற்றிய தக்கயாகப் பரணியின் தாழிசை ஒன்றை அதன் சந்தம் கெடாமற் சொல்லவல்லார் இவ்வவையில் எத்துணைவர்? யான் வினவுவது எவரையும் நாணுறுத்தற்கு அன்று. நூல் அச்சாகி நெடுங்காலம் ஆயிற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1930-லேயே அதனைப் பதிப்பித்துள்ளார்கள். ஏடு வந்தது, ஒலி வரவில்லை.

இயலும் இசையும் பிரிந்த கதையை ஐயரவர்கள் வரலாற்றினின்றே எடுத்துக் காட்டலாம். 1871-ஆம் ஆண்டு, தமது பதினாறாம் பிராயத்தில், அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்க மாயூரம் சென்றார். தந்தையாராகிய வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஆதலின் மகன் தமிழோடு இசையையும் கைவிடாதிருத்தல் வேண்டுமென்று விரும்பி, அப்போது மாயூரத்தில் வசித்துவந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவரைச் சேர்ப்பித்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய பாரதியாரே இசையாசிரியர். அக்காலத்துப் பெரும்புலவரே தமிழாசிரியர். ஓர் ஊரில் ஒரு மாணாக்கனுக்கு இவ்விருவரும் வாய்த்தலினும் பேறு யாதுளது!

சின்னாளிற் பிள்ளையவர்கட்கு இச்செய்தி எட்டியது. இசையிலே மனம் தோய்ந்துவிட்டால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஊன்றாது என்பது அவர்கள் கருத்து. மாணாக்கர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இவற்றையெல்லாம் ஐயரவர்களே தமது சரித்திரத்தில் மறையாது எழுதியுள்ளார்கள். பிள்ளையவர்களைக் குறைகூற யான் துணியேன். நாள்முழுதும் பாடஞ்சொல்லி, மாணாக்கரைத் தம் மக்களைப்போற் பேணியவர். மாணாக்கன் கவனம் சிதறுமே என்று ஆசிரியன் அஞ்சுதல் இயல்பு. இசைக்கு அவர் நெஞ்சம் நெகிழாததும் அன்று. நந்தன் சரித்திரத்திலுள்ள இலக்கணப் பிழைகளை எண்ணிச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தாமதித்தவர், பாரதியார் பாடுவதைக் கேட்டு உருகி அதனை அளித்தார் என்பதும் வரலாறே. ஆயினும் பாடத்திலே இசை வேறு, தமிழ் வேறு என்று அன்று இட்ட கோடு, அப்படியே கலாசாலைகட்குள் வந்து அமர்ந்துவிட்டது. ஐயரவர்கள் மட்டும், கற்ற சிறிது இசையையும் மறவாது, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானபோது செய்யுட்களை இசையோடு படித்துக்காட்டி மாணாக்கர் உள்ளத்தைக் கவர்ந்தார்கள். முதுமையிலும் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோர் சரித்திரங்களை எழுதினார்கள்.

இக்கோட்டினால் விளைந்தது யாது? 1892-இல் ஐயரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு வெளியிட்டார்கள். அவ்வுரையில் இசைநுணுக்கம், பஞ்சமரபு, இந்திரகாளியம் முதலிய இசைநாடக நூற்பெயர்கள் காணப்படுகின்றன. அரங்கேற்று காதையில் யாழும் குழலும் பண்ணும் தாளமும் நெருங்கிக் கிடக்கின்றன. தமிழ்ப்புலவர்க்கு அச்சொற்கள் தெரிந்தன, ஒலி தெரியவில்லை; இசைவாணர்க்கு ஒலி தெரிந்தது, அந்நூல் தெரியவில்லை. இருகரைக்கும் பாலம் அமைக்க முன்வந்தவர்களைப் பாருங்கள். ஒருவர், உபாத்தியாயராக வாழ்க்கை தொடங்கித் தஞ்சையில் மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர். தம் பொருளைச் செலவிட்டு இசைமாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். மற்றவர் ஈழநாட்டு விபுலாநந்த அடிகள். அறிவியல் கற்றவர், மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர், 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவி ஏற்றவர். ஒலியின் கணிதமும் தமிழ் நூலறிவும் ஒருவர்பாற் கூடியமையால் அவரது யாழ்நூல் பிறந்தது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது; மறுமாதமே அடிகள் மறைந்தார். சிலப்பதிகாரம் அச்சேறிய 55 ஆண்டுகட்குப் பின்னரே இவ்விளக்கம் கிடைத்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பெருநூல்களின் செய்தி பள்ளிச் சிறார்க்கு எதற்கு என்பீர்கள். ஆய்ச்சியர் குரவையைக் கூறுவேன். மதுரையில் தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி, குரவையாடக் கருதி, ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, அவர்கட்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசைப்பெயர் இடுகின்றாள். குரல் மாயவன், இளி பலதேவன், துத்தம் பின்னை. இதனைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்வித்தால் அது வெறும் பெயர்ப்பட்டியல். எட்டாம் வகுப்புப் பெண்கள் எழுவரை வட்டமாக நிற்கச்செய்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தைத் தந்து, அவளவளே தன் சுரத்தைப் பாடுமாறு செய்து பாருங்கள். குரலாக நிற்பவளும் அவளுக்கு ஐந்தாவதாகிய இளியாக நிற்பவளும் ஒருங்கே ஒலித்தபோது, இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று பிள்ளைகளே கூவினர். இணை, கிளை என்னும் சொற்களை அதன்பின் விளக்க எனக்கு இரண்டு நிமிடமும் வேண்டியிருக்கவில்லை. (பழைய குரல் இக்காலத்துச் சட்சமா, மத்திமமா என்று ஆராய்ச்சியாளர் வழக்கிடுவர். அவ்வழக்கை எட்டாம் வகுப்பிற்குக் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை.) அதனினும் பெரிது ஒன்று உண்டு. அதே வேளையிற் கோவலன் கொலையுண்ணப் போகின்றான் என்று யான் மெல்லக் கூறியபோது, பாடிக்கொண்டிருந்த அவ்வட்டம் அப்படியே அடங்கி நின்றது. காப்பியத்தின் சுவையை இதனினும் நன்கு உணர்த்தும் குறிப்புரை ஒன்றை யான் அறியேன்.

கலாசாலைகளைப்பற்றிச் சிறிது. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கும் தமிழுக்கும் ஒருங்கே இடம் தரப்பட்டது. 1941-இல் தமிழிசை மாநாடு அங்கே கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசினர் இசைக்கல்லூரி சென்னையில் தொடங்கியது. 2013-இல் இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. நிலையங்கள் பெருகின, கோடு அழியவில்லை. தமிழில் முதுகலை பயில்வோன் கானல்வரியைப் பாட்டென்று எழுதுகின்றான், பாடக் கேளாமலே. இசை பயில்வோன் சரளிவரிசை தொடங்கிப் பல கீர்த்தனம் கற்கின்றான். அவற்றுட் பலவற்றின் மொழியும் பொருளும் அவனிடம் வினவப்படுவதில்லை. அங்கேரி நாட்டில் கோடாய் என்னும் இசைப்பேரறிஞர், குழந்தை முதலில் தன் தாய்மொழி நாட்டுப்பாடலைத் தன் குரலாற் பாடுதல் வேண்டும், இசைக்கருவி பின்னரே வரலாம் என்று நிலைநாட்டினார். 1950-இல் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டில் அம்முறைப்படி பாட்டுப் பள்ளியொன்றும் தொடங்கப்பட்டது. அவர் தேடிச்சென்று தொகுத்த வகையான செல்வம் நம் பாட்டிமார் நாவில் இன்னும் சிறிது எஞ்சியுள்ளது.

இனி நிதிக்கு வருகின்றேன்.

நம்மூரில் ஒற்றைத்தறி வைத்து நெய்யும் ஒருவருடைய மகள், பெரியநாயகியம்மன் சன்னிதியிற் தேவாரம் பாடக் கேட்டோர் உங்களிற் பலர். திருவண்ணாமலையிலுள்ள அரசு இசைப்பள்ளியிற் தேவாரம் பயில அவள் விரும்புகின்றாள். அது மூன்றாண்டுப் பாடம். குரலிசை, நாதசுரம், தவில் முதலியவற்றோடு தேவாரமும் தனிப்பாடமாக அங்கே உள்ளது; பண்ணும் பாட்டும் பொருளும் ஒருங்கு கற்பிக்கப்படும் வகுப்பு ஒன்று உண்டென்றால் அது தேவார வகுப்பே. கட்டணம் சிறிது. பேருந்துச் செலவும், அவள் தார் சுற்றி ஈட்டும் கூலி நின்றுபோதலும் அவ்வீட்டிற்குப் பெரிது. தீர்மானம் இப்போதுள்ளவாறே நிறைவேறினால் அவளது விண்ணப்பத்தை நாம் வாங்கவும் இயலாது.

பாடிப் பிழைப்பதா என்று பெரியவர் ஒருவர் என்னை வினவினார். வயதிற் பெரியவர் வினவியதற்கு மறைக்காது விடைகூறல் கடன். இசை கற்றார் யாவர்க்கும் பதவி காத்திருக்கின்றது என்று யான் பொய் கூறேன். ஓதுவார் பணியிடங்களும் இசையாசிரியர் பணியிடங்களும் குறைவே. ஆயினும் பொறியியல் கற்றார் யாவர்க்கும் பதவி கிட்டியதா என்பதை நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். பெண்பிள்ளைக்கு இது தகுமா என்பது அவரது இரண்டாம் வினா. 2006-இல் உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலிற் பெண்ணொருவர் ஓதுவாராக அமர்த்தப்பட்டார். 2023-இல் மேலும் ஐந்து பெண்கள் அப்பணிக்கு ஆணை பெற்றனர். நம் வீட்டுப் பெண் அவ்வரிசையில் நிற்கத் தகாதவள் என்று பெரியவரும் கூறமாட்டார் என நம்புகின்றேன்.

ஆதலின் யான் வேண்டுவன இரண்டு. மூன்றாம் பிரிவிலுள்ள ‘மட்டும்’ என்பதை ‘முதற்கண்’ எனத் திருத்துக. இலக்கியம், வரலாறு, இசை பயில்வோர்க்கென ஆண்டுதோறும் இரண்டு உதவித்தொகையேனும் ஒதுக்குக. மற்றொன்று பணம் வேண்டாதது. இம்மண்டபம் ஞாயிற்றுக்கிழமை மாலையிற் பூட்டியே கிடக்கின்றது. நான்கு மணி முதல் ஆறு மணி வரை அதனைத் திறந்துவிட்டால், நம் பிள்ளைகட்கும் அயலார் பிள்ளைகட்கும் செய்யுளை ஓசையோடு சொல்லும் பயிற்சியை யான் நடத்துவேன். சுருதிப்பெட்டி என்னிடம் உள்ளது. பாட்டறிந்த பாட்டிமார் எவரேனும் வந்து அமர்ந்தால் அவர்களே அன்றைய ஆசிரியர். திருத்தத்தை யான் எழுதிக் கையொப்பமிட்டுக் காரியதரிசியவர்களிடம் கொடுத்துள்ளேன். வழிமொழிய விரும்புவோர் இன்று கலைந்து செல்லுமுன் அத்தாளிற் கையொப்பமிடலாம்.