சொந்தமாகப் பவுசர் ஓட முதல் ஒரு கணக்குப் பார்ப்போம்

(ரொறன்ரோவில் புதிதாக வந்தவர்களுக்கான ஒன்றுகூடலில் பவுசர் சாரதி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் 2009 இல் உங்களைப் போல கோரிக்கை போட்டுத்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன். 2011 இலிருந்து ட்ரக் ஓடுகிறேன், அதில் பெரும்பாலும் எரிபொருள் பவுசர்.

இங்கே வரும் தம்பிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, சொந்தமா ட்ரக் எடுத்து ஓடினால் மாசம் பதினைந்தாயிரம் வருமாம், உண்மையோ?" உண்மைதான், வரும். ஆனால் உங்கட கையில் நிற்காது. பேப்பரும் பேனையும் எடுங்கோ.

இது நான் உதாரணத்துக்குப் போடும் கணக்கு. ஒரு நாளைக்கு 500 கிலோமீற்றர், மாதம் 22 நாள், மொத்தம் 11,000 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 1.40 டொலர் தருகிறார்கள் என்று வைப்போம். 15,400 டொலர். இப்போது கழியுங்கோ. நூறு கிலோமீற்றருக்கு 38 லீற்றர் டீசல், லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 6,270 போய்விடும். ட்ரக் தவணை 2,800. இன்சூரன்சும் பிளேற்றும் 1,300. ரயர், எண்ணெய், திருத்தவேலைக்குக் கிலோமீற்றருக்கு 15 சதம் ஒதுக்கினால் 1,650. கணக்காளர், பார்க்கிங், மற்றச் சில்லறைக்கு 400. மிச்சம் 2,980. இதிலேதான் வருமான வரியும், ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும் கட்ட வேண்டும்.

ஏற்றி இறக்கும் நேரத்தோடு நாளுக்குப் 12 மணித்தியாலம் என்றால் மாதம் 264 மணித்தியாலம். மணிக்குப் பதினொரு டொலர் சொச்சம். ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபரில் குறைந்தபட்சச் சம்பளமே 17.60 டொலர் ஆக்கப்பட்டது. உங்களுக்கு யாரும் நல்ல விலை தந்தால் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கோ, நல்லாக வந்தால் எனக்குச் சந்தோசம். ஆனால் கழிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நான் வைத்தேன். 2016 இல் ஒரு கொம்பனியில், கிழமைக் கிழமை கட்டி முடித்தால் ட்ரக் உங்களுக்கே என்ற ஒப்பந்தம். 22 பக்கம், நான் வாசித்தது கடைசிப் பக்கம் மட்டும். எட்டாம் மாதம் புகை சுத்திகரிக்கும் பகுதி பழுதாகி ட்ரக் மூன்று கிழமை கராஜில் நின்றது. ஓட்டம் இல்லை, தவணை மட்டும் நிற்கவில்லை. பிறகு அவர்கள் ஓட்டத்தையும் குறைத்தார்கள். கட்ட முடியாமல் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவரை கட்டிய காசு முழுக்க வாடகையாம், 14ஆம் பக்கத்தில் இருந்ததாம். போதாக்குறைக்கு எச்.எஸ்.ரி வரியாக வாங்கிய 13 வீதத்தையும் என்ர காசு என்று நினைத்து வீட்டு வாடகைக்குச் செலவழித்திருந்தேன். அது அரசாங்கக் காசு. நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் பதிவு செய்து, வாங்கிக் கட்ட வேண்டும். அந்தக் கடன் தீர இரண்டு வருசம் பிடித்தது. மனுசி அந்த இரண்டு வருசமும் இரவு வேலைக்குப் போனா.

இன்னொரு விதமான ஆட்களும் வருவினம். "ட்ரக் எங்களுடையது, நீர் ஒரு கொம்பனி மட்டும் பதியும், பிடிப்பு இல்லாமல் முழுச் சம்பளம் தாறம்." இது சுயதொழிலே இல்லை. ட்ரக் அவர்களுடையது, நேரம் அவர்கள் சொல்வது என்றால் நீங்கள் தொழிலாளிதான். மாகாணம் தாண்டி ஓடும் கொம்பனிகளுக்கு மத்திய தொழிற்சட்டம் இதை 2021 இல் நேரடியாகவே தடை செய்தது. விபத்து நடந்தால் நட்டஈடும் வேலை போனால் வேலையில்லாக் காப்புறுதியும் இல்லாமல் தெருவில் நிற்பது நீங்கள்.

இனி உங்கட வழக்கு. வேர்க் பெர்மிட் கிடைத்தால் உள்நாட்டில் வேலை செய்யலாம். ஆனால் கோரிக்கை முடிய முதல் அமெரிக்கப் பக்கம் ஓட்டம் எடுக்க வேண்டாம். எல்லை தாண்டினால் திரும்பி உள்ளே வருவதும் கோரிக்கையும் இரண்டுமே கேள்விக்குறி. "ஒரு நடைதானே" என்று டிஸ்பாச்சர் சொல்லுவார், அவருக்கு ஒன்றும் ஆகாது. அதோடு தூர ஓட்டம் ஓடுகிறவர்களுக்குக் கடிதம் தவறும். விசாரணைத் திகதிக்குப் போகாவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகத் தீர்ப்பாகலாம். வீடு மாறினால் அகதிச் சபைக்கும், குடிவரவுக்கும், உங்கட லோயருக்கும் அறிவியுங்கோ. திகதி வந்தவுடன் டிஸ்பாச்சருக்கு எழுத்தில் கொடுத்து லீவு எடுங்கோ.

சரி, அப்ப என்ன செய்யலாம்? முதலில் முழு ஜி லைசென்ஸ். பிறகு ஏ.இசட். நான் எடுத்த காலத்தில் இல்லாத கட்டாயப் பயிற்சி 2017 ஜூலையிலிருந்து இருக்கிறது, குறைந்தது 103.5 மணித்தியாலம். பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்ட முதல், அந்தப் பள்ளிக்கூடம் பதிவானதோ, உங்கட ஆவணங்களுக்கு இப்போதைய விதி என்ன என்று டிரைவ்ரெஸ்ட் நிலையத்தில் கேளுங்கோ. எரிபொருள், இரசாயனம் ஏற்ற ஆபத்தான பொருட்களுக்கான பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அதை வேலை தருபவரே பயிற்றித் தருவார், தரைப் போக்குவரத்துக்கு மூன்று வருசம் செல்லும்.

பிறகு சம்பளத்துக்கு இரண்டு மூன்று வருசம் ஓடுங்கோ. அனுபவம் இல்லாதவருக்குப் பவுசர் இன்சூரன்ஸ் கிடைப்பதும் கடினம். பவுசர் சாதாரண ட்ரெய்லர் மாதிரி இல்லை. நிறைகுடம் தளும்பாது என்பார்களே, பாதித் தாங்கிதான் பயங்கரம். நீங்கள் பிரேக் பிடித்து நின்ற பிறகும் உள்ளே இருக்கிறது முன்னுக்கு வந்து தள்ளும். பால் தாங்கிகளுக்குள் கழுவுவதற்காகத் தடுப்புத் தட்டே வைப்பதில்லை. ஹைவே இறங்கு வளைவில் போட்டிருக்கும் வேகம் காருக்கு, உங்களுக்கு அதிலும் குறைவு. தாங்கிக்குள் எக்காரணம் கொண்டும் தலையை விடாதீர்கள், வெறும் தாங்கியிலும் மூச்சை நிற்பாட்டும் வாயு இருக்கும். இதெல்லாம் அடுத்தவன் செலவில் பழக வேண்டிய பாடம்.

நான் திரும்ப 2021 இல் ட்ரக் வாங்கினேன். இம்முறை பாதிக் காசு கையில், திருத்தவேலைக்குத் தனிக் கணக்கு, எச்.எஸ்.ரிக்கு இன்னொரு கணக்கு. தாங்கி இன்னும் கொம்பனியினுடையதுதான். என்ர பெயரில் சி.வி.ஓ.ஆர் பதிவு எடுத்து, சொந்தத் தாங்கி வாங்கி, வாடிக்கையாளரை நானே பிடிக்கும் நாள் இன்னும் வரவில்லை.

யாரிடமாவது இப்போது ஒப்பந்தம் இருந்தால், கையெழுத்து வைக்காமல், முழுப் பக்கங்களோடும் கொண்டு வாருங்கோ. தேத்தண்ணி நேரத்தில் நான் பின்வாங்கில் இருப்பேன். கல்குலேற்றரும் கொண்டு வந்திருக்கிறேன்.