முகவரியும் முதலீடுதான்



“வீட்டிலிருந்தே தொழில் தொடங்குங்கள், முதலீடே தேவையில்லை” என்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து?

1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கருக்கு அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய் திரும்பி, பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கே இந்த நிலை.

இன்று? நானும் அக்காவும் சென்னைப் புறநகரில் வீடு தேடியபோதுதான் அக்கா பொடியும் கருவாட்டுத் தொக்கும் விற்கத் தொடங்கியிருந்தார். “என்ன சாதி?” என்று யாரும் கேட்கவில்லை. “கவுச்சி சமைப்பீங்களா? ஊர்ல எந்தத் தெரு?” என்றார்கள். ஏழு வீடுகள் கைநழுவின.

உணவுப் பாதுகாப்புப் பதிவு சமைக்கும் இடத்தையும் சேர்த்தே தரப்படுகிறது. வீடு மாறினால் பழைய பதிவு அப்படியே போதாது. பழைய முகவரி அச்சிட்ட லேபிள்கள் வீண். வீட்டுக்காரர் “காலி பண்ணுங்க” என்றால் குடியிருப்பும் பிழைப்பும் ஒன்றாகப் போகும். சொந்த வீடு உள்ளவருக்கு இந்தப் பயமே இல்லை.

அரசியலமைப்பின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது; வாடகை வீடு அதில் இல்லை. சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தண்டிக்கத் தெளிவான சட்டம் வேண்டும். உள்ளாட்சிகள் பொதுச் சமையற்கூடங்கள் கட்டி, அந்த முகவரியிலேயே பதிவு பெற வழிசெய்ய வேண்டும்.

கைப்பக்குவம் எங்களிடம் இருக்கிறது. கேட்பது அடுப்பு வைக்க ஓர் இடம், யாரும் துரத்த முடியாத இடம்.