1721-இல் ஒரு தாயும் ஒரு தகப்பனும்



கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி உடம்பு சுடும். குழந்தை சிணுங்கும். "நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டுபோய்க் குத்திட்டு வந்துட்டீங்களே!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நீங்களும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, 'செய்தது சரிதானா?' என்று யோசிப்பீர்கள். இந்தக் கவலை இன்று நேற்று வந்ததல்ல. 1721-ஆம் வருஷத்தில், வேறு வேறு தேசத்தில் இருந்த ஒரு தாய்க்கும் ஒரு தகப்பனுக்கும் இதே கவலை வந்தது.

அந்தக் காலத்தில் பெரியம்மைக்கு மருந்து கிடையாது. கண்டவர்களில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண்ணே போயிற்று.

இங்கிலாந்தில் மேரி வோர்ட்லி மாண்டேகு என்ற சீமாட்டியின் தம்பியைப் பெரியம்மை 1713-இல் கொண்டுபோயிற்று. 1715-இல் அவருக்கே கண்டு, இமை மயிர் உதிர்ந்து, முகம் கெட்டது. பிறகு கணவர் துருக்கிக்குத் தூதராகப் போனபோது கூடவே போனார். லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை ஊசிமுனையில் எடுத்து, நோய் காணாதவர் தோலைக் கீறி வைப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் அம்மை லேசாகக் கண்டு இறங்கிவிடும். பிறகு திரும்ப வராது. 1718-இல் தன் மகனுக்கு அங்கேயே வைக்கச் சொன்னார். 1721 ஏப்ரலில் லண்டனில் பெரியம்மை பரவியபோது, சார்லஸ் மெயிட்லாண்ட் என்ற மருத்துவரைக் கொண்டு தன் சின்ன மகளுக்கும் வைத்தார். குழந்தை சுகமாக எழுந்தாள்.

அதே வருஷம் அமெரிக்காவில், அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த பாஸ்டன் நகரத்திலும் பெரியம்மை புகுந்தது. அங்கே ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை, தன் சொந்த நாட்டில் இப்படித் தனக்குச் செய்தார்கள் என்று காட்டன் மாதர் என்ற பாதிரியாரிடம் முன்பே சொல்லியிருந்தார். பாதிரியார் ஊர் மருத்துவர்களுக்கு எழுதினார். முன்வந்தவர் சப்டியல் பாய்ல்ஸ்டன் ஒருவர்தான். ஜூன் 26-ஆம் தேதி, 6 வயதுள்ள தன் மகனுக்கே முதலில் வைத்தார். ஊரே ஆத்திரப்பட்டது. நவம்பரில் பாதிரியார் வீட்டுக்குள் வெடிகுண்டையும் வீசினார்கள். நல்ல வேளை, அது வெடிக்கவில்லை.

பாய்ல்ஸ்டன் வாதாடுவதோடு நிற்கவில்லை, கணக்கு வைத்தார். அந்த ஊரில் பெரியம்மை கண்டவர்கள் சுமார் 5,900 பேர். இறந்தவர்கள் 844 பேர். அதாவது ஏழு பேருக்கு ஒருவர். சீழ் வைத்துக்கொண்டவர்கள் சுமார் 240 பேர். இறந்தவர்கள் 6 பேர். அதாவது நாற்பது பேருக்கு ஒருவர்.

அதிலும் ஆபத்து இருந்தது, மறைக்க வேண்டாம். வைத்துக்கொண்டவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பெரியம்மை தொற்றவும் செய்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1796-இல் எட்வர்ட் ஜென்னர் லேசான மாட்டம்மைப் பாலை எடுத்துக் குத்தினார். அந்த வழியே போய், 1980-இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. உங்கள் வீட்டுப் பாட்டி கையில் உள்ள அம்மை குத்திய தழும்பு அந்தக் கதையின் சாட்சி.

இன்றைய தடுப்பூசி அந்தப் பழைய சீழ் அல்ல. கொன்ற கிருமியோ, வலு குறைத்த கிருமியோ, அதன் ஒரு சிறு பகுதியோதான் அதில் இருக்கும். லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தணியும். தணியாவிட்டாலோ, பிள்ளை பால் குடிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

தகப்பன்மார்களே, "அது அவ வேலை" என்று ஒதுங்காதீர்கள். தடுப்பூசி அட்டையை இருவரும் சேர்ந்து பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தத் தாயும் தகப்பனும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் துணிந்தார்கள். நீங்களும் கேளுங்கள், பிறகு துணியுங்கள்.