கல்லச்சுப் படமும் கைவிடப்பட்ட பெண்ணும்
(குடியாத்தத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். சகுந்தலை, தமயந்தி, மேனகை என்று பாட்டன் காலத்தில் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய வர்ணப் படங்களைப் பற்றியே பேசப் போகிறோம். இன்று அவற்றைப் பணக்காரர்கள் பழம்பொருள் என்று பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அப்படங்கள் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன புத்தி சொல்லி வந்தன என்பதே நமது கேள்வி.

முதலாவது, படம் எப்படி உண்டாயிற்று என்பதைப் பாருங்கள். 1796-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனபெல்டர் என்பவர் கல்லச்சைக் கண்டுபிடித்தார். சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால், ஈரமான இடத்தில் மை ஒட்டாது. வரைந்த இடத்தில் மாத்திரம் ஒட்டும். வர்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களை வைத்து ஒரே தாளில் மாற்றி மாற்றி அச்சிட்டால் வர்ணப் படம் ஆகிவிடும். திருவிதாங்கூர் கிளிமானூரில் 1848-ல் பிறந்த ரவிவர்மா, 1894-ல் பம்பாயில் இப்படிப்பட்ட அச்சகம் ஒன்றை ஏற்படுத்தினார். பின்னர் அதை பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் வாங்கி நடத்தினார். இதில் தேவலோகத்தின் வேலை எங்கே இருக்கிறது?

குடியாத்தம் தோழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இது தீப்பெட்டித் தொழில் அறிந்த ஊர். சாமி படம் போட்ட தீப்பெட்டி லேபில்களும் உண்டு. குச்சி தீர்ந்ததும் பெட்டியைக் குப்பையில் போடுகிறோம். எந்தச் சாமியும் வந்து கோபித்துக்கொண்டதில்லை. பெட்டியில் ஒட்டினால் குப்பை, சட்டம் போட்டு மாட்டினால் கற்பூரம் என்றால் மகிமை படத்திலா, ஆணியிலா?

நிற்க, கதைக்கு வருவோம். ரவிவர்மாவின் ஒரு படத்தில் மேனகை கைக்குழந்தையை நீட்டுகிறாள். விசுவாமித்திரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் மறுக்கிறார். அக்குழந்தைதான் சகுந்தலை. பெற்ற குழந்தையை வேண்டாமென்ற ஆளுக்கு மகரிஷி பட்டம்! இன்னொரு படத்தில் வளர்ந்த சகுந்தலை காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். நம் மக்கள் மனதில் நின்ற சகுந்தலை இவளே, ஏங்கி நிற்பவள்.

ஆனால் பாரதத்தின் ஆதி பருவத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அரசனுக்கு எல்லாம் நினைவிருந்தும் தெரியாதவன்போல் பேசுகிறான். சகுந்தலை அழுதுகொண்டு திரும்பவில்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறைந்த சபையில் அவனுடைய பொய்யை எடுத்துக்காட்டி வாதாடுகிறாள். பின்னால் வந்த காளிதாசர் துருவாசர் சாபத்தைப் புகுத்தி, அரசனுடைய குற்றத்தை மறதியாக்கிவிட்டார். படமோ வாதாடியவளை விட்டுவிட்டு, முள் எடுத்தவளைச் சுவரில் ஏற்றிவிட்டது.

“அவை நல்ல கலையல்லவா? ரசிக்கக் கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். தாராளமாக ரசியுங்கள். கோவிலுக்குள் விடப்படாத ஜாதியார் வீட்டிலும் அச்சுப் படம் தீட்டுப் பார்க்காமல் நுழைந்தது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஓவியனுடைய கைத்திறமையை மெச்சுவது வேறு. அவன் கற்பனையைக் கண்ணால் கண்ட சாட்சியாக எடுத்துக்கொண்டு அதன்படி பெண்களை வளர்ப்பது வேறு.

தோழர்களே! பீடி சுற்றியும், தீப்பெட்டி ஒட்டியும், தோல் ஷாப்பில் உழைத்தும் குழந்தைகளைக் காப்பாற்றும் கைவிடப்பட்ட பெண்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களிடம் போய், “பொறுத்திரு, சகுந்தலைக்கு நல்ல காலம் வரவில்லையா?” என்கிறோமே, இது நியாயமா? ஜீவனாம்சம் கேட்க முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு இருக்கிறது. மனைவிக்கும் குழந்தைக்கும் அது வழி செய்கிறது. மோதிரம் எந்த மீன் வயிற்றிலிருந்தும் வர வேண்டியதில்லை. கோர்ட்டில் மனுப் போட்டால் போதும்.

ஆகவே, படத்தைக் கிழிக்கும்படி நாம் சொல்லவில்லை. சுவரிலேயே இருக்கட்டும். உங்கள் மகள் அதைக் காட்டி “இது யார்?” என்று கேட்டால், முள் எடுத்த கதையோடு நிறுத்தாமல், சபையில் நின்று கேள்வி கேட்ட கதையையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, எமது பேச்சை முடித்துக்கொள்கிறோம்.