‘ரூன்’ என்னும் பழஞ்சொல்



வட ஐரோப்பாவின் ஜெர்மானிய மக்கள், இலத்தீன் எழுத்து வருமுன்பும் வந்த பின்பும், கல்லிலும் மரத்திலும் எலும்பிலும் கீறிய கோட்டெழுத்துகளுக்கு ‘ரூன்’ என்று பெயர். ஆயின் அச்சொல்லின் பொருள் எழுத்தோடு நின்றுவிடவில்லை.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா விவிலியத்தைக் கோதிக் மொழியில் பெயர்த்தார். கிரேக்க மூலத்தில் ‘மிஸ்தேரியோன்’, அதாவது மறைபொருள், என வரும் இடத்தில் அவர் பெயர்ப்பில் ‘ரூனா’ நிற்கிறது. கூடி ஆலோசிப்பதையும் அச்சொல் குறித்தது. பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்ஃபில், மன்னன் ஹ்ரோத்கார் மாண்டுபோன தன் தோழனுக்காகப் புலம்புகையில் அவனை ‘ரூன்விதா’ என்கிறான். மன்னனின் மனத்தை அறிந்த அந்தரங்கத் துணைவன் என்பது கருத்து. ஜெர்மன் மொழியின் ‘ரௌனென்’ என்னும் வினைக்கு மெல்லிய குரலில் முணுமுணுத்தல் என்பது இன்றும் வழங்கும் பொருள். கெல்திய இனத்து ஐரிஷ் மொழியிலும் ‘ரூன்’ என்றால் இரகசியம். அன்புக்குரியோரை விளிக்கவும் அதுவே சொல்.

இவற்றை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இங்கு மறை என்பது ஒருவன் தன்னுள் பூட்டி வைப்பதன்று. நம்பிக்கைக்கு உரியவர் செவியில் சொல்வது. கேட்போர் இன்றி அது இல்லை. ஜெர்மானியரிடமிருந்து இச்சொல்லைக் கடன் பெற்ற பின்லாந்து மக்கள் ‘ருனோ’ எனக் கவிதைக்கே பெயராக்கினர். எலியாஸ் லோன்ரோத் 1849இல் விரித்து வெளியிட்ட ‘கலேவலா’வின் 50 பாடல்களும் ருனோக்களே.

நார்வேயின் பெர்கன் நகரில் 1955இல் துறைமுகப் பகுதி தீக்கிரையானது. அதன்பின் நடந்த அகழாய்வில் ரூன் கீறிய பொருள்கள் 600க்கும் மேல் கிடைத்தன. வணிகச் சரக்கின் உடைமைச் சீட்டுகள், வழிபாட்டு வரிகள், காதல் மொழிகள், ஒருவரை வீடு திரும்பச் சொல்லும் செய்தி என எளிய மாந்தரின் குரல்கள் அவை.

இச்சொல்லுக்கு நேர்ந்த இழுக்கையும் மறத்தலாகாது. ஆஸ்திரியாவின் கீடோ ஃபொன் லிஸ்ட், தாம் வகுத்த 18 குறிகளை 1908இல் தொன்மையான ரூன்கள் என நூலாக்கி, அவற்றுக்கு இனப்பெருமை பூசினார். பின்னர் நாஜிகளின் எஸ்.எஸ். படை, ரூன் வடிவங்களைத் தன் சின்னமாக அணிந்தது. செவியோடு செவி பேசிய சொல், கேட்போரை அஞ்சி ஒடுங்கச் செய்யும் குறியாயிற்று. ஜெர்மனியில் அச்சின்னத்தைப் பொதுவில் காட்டுதல் இன்று குற்றம்.

சொல்லைச் சிதைப்பவர் முதலில் அதன் பழம்பொருளை மறைத்துப் புதுப்பொருளுக்குத் தொன்மை கற்பிக்கிறார். ஆதலின் ஒரு சொல்லின் மெய்வரலாற்றை அறிதல் புலவர்க்கு வெறும் பொழுதுபோக்கு அன்று; சொல்லை ஆள்வோரின் கடமை அது. பெர்கன் நகரின் சிறு மரத்துண்டுகள் அக்கடமையை நினைவூட்டுகின்றன.