பட்டாசுத் தொழிலாளியின் குழந்தைக்கு இணையம் எட்டாக் கனியா?

(சிவகாசி வட்டாரத்தில் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, போனஸ், ஆலைப் பாதுகாப்பு ஆகிய பிரச்னைகளை வழக்கமாகப் பேசும் இடத்தில், பள்ளிக்கூடங்களுக்கு இணைய வசதி வேண்டும் என்று இன்று பேசுகிறோம். "கஞ்சிக்கே வழியைக் காணோம், கம்ப்யூட்டருக்கு என்ன அவசரம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நமது சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பட்டாசும் அச்சுத் தொழிலும் தொடர்ந்தன. நாடு வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி இங்கே உற்பத்தியாகிறது. ஊர் ஊராகப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகங்களும் இங்கே அச்சாகின்றன. ஆனால் இந்தத் தொழில்கள் வளர்ந்தபோது, நமது பிள்ளைகளின் கையில் நோட்டுப் புத்தகமா இருந்தது? தீப்பெட்டிக் கட்டை இருந்தது. விடியுமுன்னே ஆலை பஸ் வந்து கிராமத்துக் குழந்தைகளை அள்ளிச் சென்றது.

1986இல் குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் அவசியமே. ஆனால் சட்டம் மட்டுமா குழந்தையை ஆலையிலிருந்து மீட்டது? பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, அதில் மதியச் சோறு இருந்தது, பாடம் நடத்த ஆசிரியர் இருந்தார். விருதுநகரில் பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட நேர்ந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. "பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதா?" என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. இன்று அப்படிக் கேட்க எவருக்கும் துணிவில்லை.

கொல்லைப்புற வழியாக வந்த குலக்கல்வி

1953இல் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில். தமிழ் மக்கள் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவின் பேரால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் குடியேறியது. போன் உள்ள வீட்டுக் குழந்தை படித்தது. போன் இல்லாத வீட்டுக் குழந்தை, அல்லது ஒரே போனை மூன்று பேர் பங்கிட்ட வீட்டுக் குழந்தை என்ன செய்தது?

சர்க்காரின் தேசிய மாதிரி ஆய்வே 2017-18இல் சொல்லியிருந்தது: கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி உள்ளவை சுமார் 15 சதவீதம், கணினி உள்ளவை 4 சதவீதம் சொச்சம். இந்த விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் "ஆன்லைனில் படியுங்கள்" என்றார்கள். விளைவு? 2021இல் குழந்தை உழைப்பு எதிர்ப்பு இயக்கத்தார் தமிழ்நாட்டின் 24 மாவட்டங்களில் நலிந்த பகுதிக் குழந்தைகள் 818 பேரை விசாரித்தார்கள். முன்பு அவர்களில் வேலைக்குப் போனவர்கள் 28 சதவீதம். தொற்றுக் காலத்தில் 79 சதவீதத்துக்கும் மேல்! எந்தச் சட்டமும் உத்தரவும் இல்லாமலே குலக்கல்வி கொல்லைப்புற வழியாக வந்து சேர்ந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? இணையத்தை வீட்டின் பொறுப்பில் விட்டால், வீட்டின் வசதிதான் குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்கும். பள்ளியின் பொறுப்பில் வைத்தால்தான் எல்லாக் குழந்தைக்கும் அது சொந்தமாகும்.

மார்க் உண்டு, மேற்கொண்டு?

நமது பிள்ளைகள் மக்குகள் அல்ல. 2023 பிளஸ் டூ தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது விருதுநகர் மாவட்டம்தான்: 97.85 சதவீதம் பேர் தேறினர். கூலிக்காரர் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியர்களும் சாதித்த சாதனை இது. தேறிய பிறகு என்ன? கல்லூரிக்கு விண்ணப்பம் ஆன்லைனில். என்ஜினியரிங் கலந்தாய்வு ஆன்லைனில். உதவித்தொகை ஆன்லைனில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தாயோ தகப்பனோ பிள்ளையுடன் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கிறார். முன்பின் தெரியாத ஒருவர், காசு வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தட்டச்சு செய்கிறார். ஒரு எழுத்துப் பிசகினால் இடம் போச்சு! இந்த வேலை பள்ளிக்கூடத்திலேயே, அதன் ஆசிரியர் முன்னிலையில், காசில்லாமல் ஏன் நடக்கக் கூடாது?

இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடியவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. அவை இணையத்தில் இருக்கின்றன. பள்ளியில் படிக்கும் மகள் அதைத் தேடி எடுத்துத் தாய்க்குப் படித்துக் காட்டினால், மேஸ்திரியிடம் அந்தத் தாய் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். அறிவு வர்க்கப் போராட்டத்தின் ஆயுதம் என்று நாம் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

யார் தர வேண்டும்?

2024-25 கல்வி ஆண்டின் மத்திய சர்க்கார் புள்ளிவிவரப்படி நாட்டுப் பள்ளிகளில் இணையம் உள்ளவை 63.5 சதவீதமே. பஞ்சாயத்துகளை ஒளியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது 2011இல். காலக்கெடுக்கள் வந்தன, போயின. 2025 பட்ஜெட்டில் கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அகன்ற அலைவரிசை தருவதாக வாக்களித்தார்கள். ஆனால் அதே சர்க்கார், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குரிய 2024-25ஆம் ஆண்டு நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது! தனியார் கம்பெனிகள் 5ஜி விற்கத் தொடங்கிய 2022இல், பொதுத்துறையான பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜிகூட முழுமையாகக் கிடைக்கவில்லை.

மாநில சர்க்கார் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும் 8,209 உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைப்பதாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் சுவரில் திரை மாட்டிவிட்டால் போதுமா? மாதக் கட்டணத்தை யார் கட்டுவது? பழுதானால் யார் பார்ப்பது? கற்றுக்கொடுக்க நிரந்தர ஆசிரியர் எங்கே? கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையில் கட்டிடம், குடிநீர், கழிப்பறை, நூலகம் உண்டு, இணையம் இல்லை.

அண்டை மாநிலம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே இடதுசாரி சர்க்கார் 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கியது. விலையில்லாக் கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் பயன்படுத்தி, அந்நியக் கம்பெனிகளுக்குப் போகும் பணத்தை மிச்சப்படுத்தியது. இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இணையம் வந்துவிட்டது, இனி ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லிப் பணியிடங்களைக் குறைக்கும் சூழ்ச்சிக்கு நாம் இடம் தரக் கூடாது. பள்ளிக்கூடத்தைப் பாடம் விற்கும் கம்பெனிகளின் சந்தையாக்கவும் விடக் கூடாது.

ஆகவே நாம் கோருவது:

1. எல்லா அரசு, உதவி பெறும் பள்ளிகளுக்கும் பொதுத்துறை மூலம் இலவச இணைய இணைப்பு. கட்டணம் சர்க்காரின் பொறுப்பு.

2. நிரந்தர வேலையில் கணினி ஆசிரியர்கள். ஒப்பந்தக் கூலி முறை கூடாது.

3. மாலை நேரத்திலும் விண்ணப்பக் காலத்திலும் கணினி அறையை மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் திறந்து வைக்க வேண்டும்.

4. கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் இணையத்தைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டின் கல்வி நிதியை நிபந்தனையின்றித் தர வேண்டும்.

தோழர்களே! சோறும் பள்ளியும் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. மக்கள் கேட்டார்கள், போராடினார்கள், பெற்றார்கள். இதையும் பெறுவோம். உங்கள் ஊர்ப் பள்ளியில் இணைப்பு உண்டா, அது வேலை செய்கிறதா என்பதை நாளையே நேரில் போய் விசாரியுங்கள். கிராமசபையில் தீர்மானமாக்குங்கள். கையெழுத்து வாங்குங்கள். தொழிற்சங்கமும் ஆசிரியர் சங்கமும் மாணவர் சங்கமும் கை கோர்த்து நின்றால், எந்தச் சர்க்காரும் செவிசாய்த்தே தீர வேண்டும்!