அடுப்பில்லாத சமையல் வகுப்பு

(பேகம்பூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 

எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். "பிள்ளைகளுக்கு நீ எடுக்கிற வகுப்பைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னதில் இருந்து ரெண்டு நாளா சரியாத் தூங்கலை. அதனால எழுதி வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் டவுன்காரி இல்லை. அம்மா வீடு பேகம்பூர், கட்டிக்கொடுத்தது பக்கத்துக் கிராமம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன். அப்படி வந்த இடத்தில் ஆரம்பிச்சதுதான் இந்த வகுப்பு.

கொரோனா நேரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. ஒண்ணாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். ஒண்ணரை வருசத்துக்கு மேல பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தாங்க. தெரிஞ்ச எழுத்தும் மறந்துபோச்சு. அதைச் சரிபண்ணத்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்துச்சு. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வச்சார். சாயங்காலம் 5 மணியில் இருந்து 7 மணிக்குள்ள வகுப்பு, 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எனக்கும் போக ஆசைதான். ஆனா தொடக்க வகுப்புக்கு எடுக்கணும்னாலே பிளஸ் டூ முடிச்சிருக்கணும். நான் பத்தாவது. அதோட அந்த எண்ணத்தை விட்டுட்டேன்.

அம்மா தெருவில் ஒரு தங்கச்சி தன்னார்வலரா இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை அதுக்கு வீட்டில் ஏதோ அவசரம். "அக்கா, அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. 14 பிள்ளைகள். ஒரே கூச்சல். எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியலை. பழைய பேப்பரை எடுத்து, கடைக்குக் கவர் ஒட்டுறது எப்படின்னு காட்டினேன். 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தப்போ நம்ம குழுவில் பழகினது அது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிருச்சு. தங்கச்சி திரும்பி வந்து நின்னதைக்கூட யாரும் கவனிக்கலை. "இனிமே வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் நீங்களே எடுங்கக்கா"ன்னு அது சொல்லிருச்சு. பாடம் அந்தத் தங்கச்சி நடத்தும், கைவேலையும் சமையலும் நான். மஃரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி என் வேலையை முடிச்சுடணும்னு பேசி வச்சுக்கிட்டோம்.

என்னென்ன செஞ்சோம்னு சொல்றேன். உங்க தெருவிலும் செய்யலாம்.

சின்னாளபட்டி சுங்குடி நம்ம எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கும். அதே மாதிரி முடிச்சுப் போட்டுச் சாயம் போட்டுப் பார்த்தோம். கிழிஞ்ச வெள்ளை வேட்டியைச் சதுரம் சதுரமா வெட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொண்டைக்கடலையை உள்ள வச்சு நூலால் கட்டணும். ஒரு வரிசைக்கு 5 முடிச்சு, 6 வரிசை. மொத்தம் எத்தனைன்னு கேட்டா, வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் எண்ணியாவது 30-ன்னு சொல்லிடும். மஞ்சள் தண்ணியில் முக்கிக் காயவச்சுப் பிரிச்சா, மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை வட்டம். ஒரு பையன் சோப்புக் கையோட துணியைப் பிடிச்சுட்டான். பிடிச்ச இடம் சிவப்பாயிருச்சு. அழுதுட்டான். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சதும் திரும்ப மஞ்சள் ஆச்சு. சோப்பு காரம், எலுமிச்சை அமிலம், மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்குதுன்னு தங்கச்சி விளக்கம் சொல்லுச்சு. நான் அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சமையலுக்கு அவல் ஊறவச்சு வெல்லமும் தேங்காயும் போட்டோம். சிறுமலை வாழைப்பழத்தைப் பிசைஞ்சு பேரீச்சம்பழம் சேர்த்தோம். பாசிப்பயறை புதன்கிழமை ராத்திரி அவங்கவங்க வீட்டில் ஊறவச்சு, வியாழக்கிழமை துணியில் கட்டி, வெள்ளிக்கிழமை முளையோட கொண்டு வரணும். யாரு முளை நீளம்னு ஸ்கேல் வச்சு அளப்பாங்க.

அளவுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். அம்மா வீட்டில் பழைய படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இருக்கு. 2 ஆழாக்கு 1 உழக்கு. 4 உழக்கு 1 படி. அப்போ ஒரு உழக்குங்கிறது கால் படி. ஒரு ஆழாக்கு எட்டில் ஒரு பங்கு. பின்னக் கணக்குன்னா பயந்த நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் அரிசியை அள்ளி ஊத்திப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டாங்க.

நோன்பு மாசத்தில் சமையல் கிடையாது, கைவேலை மட்டும்தான். நோன்பு வச்ச பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மத்தவங்க சாப்பிடக் கூடாது இல்லையா. இதைப் பிள்ளைகளேதான் சொன்னாங்க.

இதெல்லாம் நல்ல கதை. இப்போ நான் செஞ்ச தப்பையும் சொல்லணும். சொல்லலைன்னா இந்தப் பேச்சே பிரயோஜனம் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு நாள், பொரி உருண்டை பிடிக்கக் கத்துக்கொடுக்கலாம்னு அடுப்புப் பத்தவச்சுட்டேன். பாகு வந்ததும் சட்டியை இறக்கித் தரையில் வச்சேன். திரும்பிப் பொரியை எடுக்கிறதுக்குள்ள மூணாவது படிக்கிற பையன் பாகைத் தொட்டுட்டான். பாகு ஒட்டிக்கிட்டு விடாது, உங்களுக்கே தெரியும். விரல் கொப்பளிச்சிருச்சு. நான் பதறிப்போய்ப் பற்பசையைத் தடவப் போனேன். நல்லவேளை, பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடி வந்து, குழாயைத் திறந்து 20 நிமிசம் கையைத் தண்ணியிலேயே பிடிச்சுக்கிட்டாங்க. தீக்காயத்துக்குப் பற்பசை, மை, மாவு எதுவும் தடவக் கூடாது, ஐஸும் வைக்கக் கூடாது, சாதாரணத் தண்ணிதான், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டணும்னு சொன்னாங்க. காயம் ஆறிருச்சு. ஆனா அந்தப் பையனோட அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் நிக்குது. "படிப்புச் சொல்லிக் கொடுக்கிறேன்னு பிள்ளைகளை அடுப்படிக்கு ஏன் கூப்பிடுற?" ரெண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகலை.

மறுபடி ஆரம்பிச்சப்போ ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னாங்க.

ஒரு அண்ணன், "ஆம்பளைப் பையனைப் பொம்பளை வேலை பழக்குறீங்களா?"ன்னு கேட்டார். இதுக்கு எனக்குப் பதில் தெரியும். "அண்ணே, நம்ம ஊருக்குப் பேரே பிரியாணியால வந்தது. 1957-ல் ஆனந்த விலாஸ்னு நாகசாமி நாயுடு ஆரம்பிச்ச கடைதான் இன்னிக்குத் தலப்பாக்கட்டி. பேகம்பூர் கல்யாண வீடுகளில் தேக்சா வச்சுக் கிண்டுறது யாரு? ஆம்பளைங்கதானே?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார். ஜப்பானில் அஞ்சாவது வகுப்பில் இருந்து பையன், பொண்ணு ரெண்டு பேருக்குமே சமையலும் தையலும் பாடமா இருக்கு. அதையும் சொல்லியிருக்கலாம், அப்போ எனக்குத் தெரியாது.

தெருவில் ஒரு தாத்தா, தோல் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ஞ்சவர். அவர் சொன்னது வேற. "எங்க காலத்தில் அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழிலுன்னு ஒரு திட்டம் வந்துச்சும்மா. வண்ணான் மகன் வெளுக்கணும், தோல் ஷாப்காரன் மகன் தோலை ஊறப்போடணும். அந்த மாதிரி ஆயிடக் கூடாது." வீட்டுக்குப் போய் விசாரிச்சேன். 1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ வந்த திட்டம் அது. குலக்கல்வித் திட்டம்னு பெரியார் கடுமையா எதிர்த்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினதும், அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். தாத்தா அதை இன்னும் மறக்கலை. மறக்காம இருக்கிறதும் நியாயம்தான்.

மூணாவதா ஒரு அம்மா. அவங்க நம்ம குழு உறுப்பினர்தான். அவங்க பொண்ணு நாலாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம் ஆனா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து மார்க்கெட் பூவைக் கட்டுவாங்க, அந்தப் பிள்ளையும் கட்டும். நான் பூக் கட்டுற வகுப்பு வச்ச அன்னிக்கு அதுதான் எல்லாரையும் விட வேகம். நான் கை தட்டினேன். மறுநாள் அவங்க அம்மா வந்து, "என் மக வீட்டில் கட்டுற பூ பத்தாதா? உங்ககிட்ட அனுப்புறது எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான். அதுக்குப் படிக்க வராது, அது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் இல்லை. அவங்க சொன்னது சரி. கைவேலை தெரியாத பிள்ளைக்குக் கைவேலை பாடம். ஏற்கெனவே வேலை செஞ்சு களைச்ச பிள்ளைக்கு அது இன்னொரு வேலை. நான் அந்த வித்தியாசத்தைப் பார்க்காம விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் வகுப்பை மாத்தினோம். செய்முறையைப் பெரிய எழுத்தில் சின்னச் சின்ன வரியா அட்டையில் எழுதுவோம். "ஒரு உழக்கு அவல் எடு. இரண்டு முறை கழுவு." அந்தப் பொண்ணுக்கு வேலை, அதைப் படிச்சுச் சொல்றது மட்டும்தான். அது படிச்சாத்தான் மத்தவங்க அடுத்த வேலையைச் செய்ய முடியும். முதல் நாள் 'உழக்கு'ங்கிற ஒரு சொல்லுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. யாரும் சிரிக்கலை, எல்லாருக்கும் பசி, அது எப்போ படிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. மாசக்கணக்கில் இப்படியே போச்சு. இப்போ அது நடுநிலைப் பள்ளிக்குப் போயிருச்சு. குழுப் பாஸ்புக்கில் வரவும் கடனும் எவ்வளவுன்னு அம்மாவுக்கு அதுதான் வாசிச்சுச் சொல்லுதாம். போன மாசக் கூட்டத்தில் அந்த அம்மாவே சொன்னாங்க.

அந்த மூணு பேர்கிட்ட கத்துக்கிட்டதை வச்சு எங்களுக்குள்ள சில விதி போட்டுக்கிட்டோம். அடுப்பு, கத்தி, அரிவாள்மனை கிடையாது. வறுக்கிறது, வேகவைக்கிறது எல்லாம் நான் வீட்டிலேயே முடிச்சுக் கொண்டு வருவேன். வேர்க்கடலை மாதிரி எது சாப்பிட்டா யாருக்கு ஒத்துக்காதுன்னு முதலிலேயே அம்மாக்களிடம் கேட்டு எழுதிக்குவோம். பாத்திரம் கழுவுறது, கூட்டுறது பையனுக்கும் பொண்ணுக்கும் முறை வச்சு. பிள்ளைகள் செஞ்ச எதையும் விற்கக் கூடாது, கண்காட்சிக்குன்னு நாம செஞ்சு அவங்க பேரையும் போடக் கூடாது. கோணலா இருந்தாலும் அவங்க செஞ்சது அவங்க வீட்டுக்குப் போகும். படிப்பு நேரத்தில் இருந்து ஒரு நிமிசம்கூட எடுக்கக் கூடாது.

காந்திகிராமம் நமக்குப் பக்கம்தான். டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947-ல் தொடங்கினது. அதுக்குப் 10 வருசம் முன்னாடி, 1937-ல் வார்தாவில் நடந்த மாநாட்டில் காந்தி சொன்னது ஆதாரக் கல்வி. கையால ஒரு வேலை செய்யும்போதே அதுவழியா கணக்கும் மொழியும் வரணும்கிறது அதோட சாரம். அங்கே கூட்டமைப்புப் பயிற்சிக்குப் போனப்போ இதைக் கேட்டேன். எனக்குத் தாத்தா சொன்னதும் அங்கே கேட்டதும் சேர்ந்துதான் புரிஞ்சுச்சு. ராட்டையில் நூலை அளந்து கணக்குப் படிக்கிறது ஒண்ணு. நெசவுக்காரன் பிள்ளைன்னு தறியிலேயே உட்கார வைக்கிறது வேற. வேலை வெளியே பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பிள்ளை அதில் இருந்து மேல போகுதா, அதிலேயே நிக்குதான்னுதான் நாம பார்க்கணும்.

கடைசியா ஒரு கோரிக்கை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. கிராமங்களில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் செஞ்சு போடுறது நம்ம குழுப் பெண்கள்தான். காலையில் பிள்ளைகளுக்கு நாம இருக்கோம். சாயங்காலமும் கொஞ்சம் இருக்கலாம். ஒவ்வொரு குழுவும் மாசம் ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம், ஒரு உறுப்பினரை அனுப்பணும்னு கேட்டுக்கிறேன். எனக்கு ஒரு வகுப்புக்கு 120 ரூபாய்க்கு மேல செலவானதில்லை. பாதிச் சாமான் பிள்ளைகளே ஒரு கை கொண்டு வருவாங்க.

"நான் என்ன படிச்சிருக்கேன், நான் என்ன சொல்லிக் கொடுக்க?"ன்னு கேட்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். ஓலை முடையத் தெரிஞ்சவங்க இங்கே இருக்கீங்க. நோன்புக் கஞ்சிக்கு 200 பேருக்கு அளவு சொல்றவங்க இருக்கீங்க. ஊசி நூல் எடுத்தா நேர்கோடு போடுறவங்க இருக்கீங்க. எழுதவும் படிக்கவும் வைக்க ஒரு தங்கச்சி பக்கத்தில் இருந்தா போதும், மீதியை நீங்க பார்த்துக்கலாம்.

வர்ற மாசக் கூட்டத்தில் இதைத் தீர்மானமா வைக்கணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.